சிறிய விமானத்தில் முதல் பறப்பு: பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் "டிஸ்கவரி ஃபிளைட்" என்று ஒன்று உண்டு. பயிற்சியாளர் வலது சீட்டில் இருப்பார். நீங்கள் இடது சீட்டில், அதாவது பைலட் சீட்டில் உட்கார்ந்து, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ விமானத்தை ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் 150 முதல் 300 டாலருக்குள் முடிந்துவிடும்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கிறேன். தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், பயிற்சியாளன் இல்லை. நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள், ஊரிலிருந்து வந்த அக்கா மகன் என்று பலரை இந்த முதல் பறப்புக்கு அழைத்துப் போய், பின் சீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆள் மாறினாலும் தடுமாறும் இடங்கள் மாறுவதில்லை. அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எது முதலில், எது அப்புறம்

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது: பையனுக்கு ஆசை வருகிறது, ஒரு பள்ளியின் விளம்பரம் கண்ணில் படுகிறது, வங்கிக் கடனுக்கு ஓடுகிறோம், முன்பணம் கட்டுகிறோம். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை. கடைசியில்தான் விமானம். இது தலைகீழ்.

சரியான வரிசை: உடல்தகுதியில் சந்தேகம் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்வது, பிறகு ஒரு பறப்பு, பிறகு வேறொரு பள்ளியில் இன்னொரு பறப்பு, அதன் பிறகு பணம். காரணம் எளிது. இந்தியாவில் வணிக பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரமும் உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் ஒத்து வருமா என்பதை முதல் ஒரு மணி நேரம் பாதியாவது காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்த பிறகு அது தெரிந்து பயனில்லை.

2. மருத்துவப் படிவத்தை அவசரமாக நிரப்பாதீர்கள்

டிஸ்கவரி ஃபிளைட்டுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. குறைந்தபட்ச வயதும் இல்லை. சட்டப்படி விமானத்துக்குப் பொறுப்பு பயிற்சியாளர்தான். இதைத் தெரியாமல் பலர் படிவத்தை முதலில் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வலிப்பு, மனச்சோர்வுக்கான மாத்திரை, சிறு வயதில் ஏடிஹெச்டி (கவனச்சிதறல் குறைபாடு) என்று எழுதப்பட்ட குறிப்பு, நிறக்குருடு, இதயச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, பைலட்களுக்கு உடல்தகுதிச் சான்று தரும் விமான மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். விண்ணப்பம் பதிவாகிவிட்டால் அதற்கு ஒரு முடிவு எழுதப்பட்டே ஆக வேண்டும். ஆலோசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எதையும் மறைக்கச் சொல்லவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் மாதக்கணக்கில் காத்திருப்பது மிச்சம்.

கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்தியாவில் வணிக லைசென்ஸ்தான் நோக்கம் என்றால், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் இரண்டாம் வகுப்பு மருத்துவம் முதலில், முதல் வகுப்பு அடுத்து. முதல் வகுப்பு இல்லாமல் வணிக லைசென்ஸ் கிடையாது. ஆகவே அது கைக்கு வரும்வரை பெரிய தொகை எதையும் கட்ட வேண்டாம்.

3. போனில் கேட்க வேண்டியவை

"சீனிக் ஃபிளைட்" என்பதும் "டிஸ்கவரி ஃபிளைட்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது சுற்றிப் பார்ப்பது, அதில் கைகட்டி உட்கார்ந்திருப்பீர்கள். எனவே போனிலேயே நேராகக் கேளுங்கள்: இடது சீட் எனக்கா? உடன் வருபவர் சான்று பெற்ற பயிற்சியாளரா? நான் எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

அடுத்து, நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். இந்த விமானங்களில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று உண்டு. பொதுவாக இன்ஜின் ஓடும் நேரம் முழுவதையும் அது எண்ணும். "30 நிமிடம்" என்பது ஹாப்ஸ் கணக்கில் என்றால், தரையில் ஊர்ந்து போவதற்கும் சோதனைக்கும் 10, 15 நிமிடம் கழிந்துவிடும். மீதி கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரப் பறப்பையே எடுங்கள்.

எடையைக் கேட்பார்கள். சங்கடப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானம் எல்லாம் சேர்ந்து 2,550 பவுண்டுக்கு மேல் புறப்படக் கூடாது. டாங்கில் பயன்படுத்தக்கூடிய 53 கேலன் பெட்ரோலும் நிரம்பியிருந்தால் அதுவே 318 பவுண்டு. விமானத்தின் சொந்த எடையையும் கழித்தால் ஆட்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 550 பவுண்டு, சுமார் 250 கிலோ. சீட் நான்கு இருந்தாலும், பெரியவர்கள் மூவரோடு கணக்கு முடிந்துவிடும். அம்மா, அப்பா இருவரையும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்து, ஓடுதளத்தருகே ஒருவரை இறக்கிவிட்ட குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

4. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு

இது நம்மில் பலருக்குப் பொருந்தும். வெளிநாட்டவர் அமெரிக்காவில் விமானப் பயிற்சி தொடங்க, போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் பின்புலச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் டிஸ்கவரி ஃபிளைட்டை அந்த விதி பயிற்சியாகக் கருதுவதில்லை. வருங்கால மாணவருக்குப் பள்ளி தன் பயிற்சியைக் காட்டும் பறப்பு என்றே அந்த விதி அதை வகைப்படுத்துகிறது. ஆகவே எச்-1பி வேலை விசாக்காரரும், ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வந்த தம்பியும் அந்தச் சோதனை இல்லாமலே பறந்து பார்க்கலாம்.

இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, "இந்த ஒரு மணியை என் பயிற்சி நேரமாக எழுதிக் கொடுங்கள்" என்று பயிற்சியாளரை வற்புறுத்துவது. சோதனை முடியாத வெளிநாட்டவருக்கு அப்படி எழுதினால் பள்ளிக்குத்தான் சிக்கல். இன்னொன்று, பறப்பு பிடித்துப் போய்ச் சுற்றுலா விசாவிலேயே பயிற்சியைத் தொடரலாம் என்று நினைப்பது. லைசென்ஸுக்கான படிப்புக்கு அதற்குரிய மாணவர் விசா வேண்டும்.

5. நேரம் குறிப்பது

பொது விதி: காலையில் பறங்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, வெப்பக் காற்று மேலே கிளம்பும். சிறிய விமானம் அதில் குலுங்கும். முதல் பறப்பிலேயே அந்தக் குலுக்கல் வேண்டாம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இன்ஜினும் இறக்கையும் கொஞ்சம் சோர்ந்துபோகும்.

ஆனால் எங்கள் பகுதியில் இந்த விதி அப்படியே செல்லாது. கோடையில் பசிபிக் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் இரவில் உள்ளே வந்து, காலை 10, 11 மணி வரைகூட விலகாமல் கிடக்கும். 8 மணிக்குக் குறித்தவர்கள் பள்ளியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இங்கே ஜூன், ஜூலையில் 11 மணிதான் நல்லது. உங்கள் ஊரின் காற்றும் மேகமும் எப்படி என்று பள்ளியிலேயே கேட்டு நேரம் குறியுங்கள்.

வானிலை சரியில்லை என்று பயிற்சியாளர் ரத்து செய்தால், "பரவாயில்லை, கொஞ்ச நேரம் போய் வரலாமே" என்று கெஞ்சாதீர்கள். ரத்து செய்யத் தெரிந்தவர் நல்ல பயிற்சியாளர். கெஞ்சினால் கிளம்பிவிடுகிறவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம்.

6. முந்தின நாளும் அன்று காலையும்

சளி, மூக்கடைப்பு, காதடைப்பு இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஏறும்போது தெரியாது. இறங்கும்போதுதான் காது வலிக்கும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், நிறையச் சாப்பிட்டும் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். பஸ் பயணத்துக்குப் போடுவது போல அவோமின் போட்டுக்கொள்ள வேண்டாம். குமட்டல் நிற்கலாம், ஆனால் தூக்கம் வரும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் உங்கள் உடம்பு உண்மையில் எப்படித் தாங்குகிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே போகிறீர்கள்?

செருப்பும் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டாம். மெல்லிய அடிப்பாகம் கொண்ட கான்வாஸ் ஷூ நல்லது. பாதத்தில் பெடலை உணர வேண்டும். குள்ளமானவர்கள் சொன்னால் சீட்டுக்கு மெத்தை தருவார்கள். விமானத்தின் மூக்குக்கு மேலாக வெளியே பார்க்க முடியாவிட்டால் எதையும் சரியாகக் கற்க முடியாது.

7. விமானத்தைச் சுற்றி ஒரு நடை

ஏறுவதற்கு முன் பயிற்சியாளர் செக்லிஸ்ட்டோடு விமானத்தைச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூடவே நடங்கள். பறப்பிலேயே அதிகம் கற்கும் 15 நிமிடம் இதுதான்.

இறக்கைக்கு அடியில் இருக்கும் சிறு வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பார். அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 100எல்எல் எனும் வழக்கமான விமானப் பெட்ரோல் என்றால் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால், கனம் அதிகம் என்பதால், அடியில் தனியே குமிழாக உருண்டு நிற்கும். டாங்கின் அடியில் தண்ணீர் தங்கி இன்ஜினுக்குப் போனால் அது நின்றுபோகலாம். ஆகவேதான் ஒவ்வொரு முறையும் பிடித்துப் பார்க்கிறார்கள். (எங்கள் பகுதியில் சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 2022 முதல் ஈயம் கலந்த இந்தப் பெட்ரோல் விற்பனை இல்லை. அதனால் எந்த நிறம் வர வேண்டும் என்று அங்கங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஒன்றைக் கவனியுங்கள்: பயிற்சியாளர் செக்லிஸ்ட்டை விரலால் தொட்டுப் படிக்கிறாரா, அல்லது "எல்லாம் பார்த்தாச்சு" என்று ஏறுகிறாரா? பள்ளியைப் பற்றி இதைவிட நல்ல தகவல் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

8. கட்டுப்பாடு யார் கையில்: வாயால் சொல்லுங்கள்

கட்டுப்பாட்டைக் கை மாற்ற மூன்று வாக்கிய வழக்கம் உண்டு. பயிற்சியாளர் "யூ ஹாவ் த ஃபிளைட் கன்ட்ரோல்ஸ்" என்பார். நீங்கள் "ஐ ஹாவ் த ஃபிளைட் கன்ட்ரோல்ஸ்" என்று சொல்லி வாங்க வேண்டும். அவர் மறுபடி ஒரு முறை உறுதி செய்வார். திரும்பக் கொடுக்கும்போதும் இதே முறை. இரண்டு பேரும் பிடித்திருப்பதோ, இரண்டு பேரும் விட்டுவிடுவதோ நேரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நம் ஆட்கள் இங்கே தடுமாறுவது தலையாட்டலில். பெரியவர் சொன்னால் பேசாமல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வது நமக்கு மரியாதை. ஆனால் பக்கவாட்டில் ஆடும் நம் தலையாட்டலை அமெரிக்கப் பயிற்சியாளர் "ஆமாம்" என்றும் எடுக்கலாம், "வேண்டாம்" என்றும் எடுக்கலாம். அவர் கண் வேறு பக்கம் இருக்கவும் கூடும். அக்கா மகன் அப்படித்தான் ஆட்டினான். நான்கு விநாடி விமானம் யார் கையிலும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அடிவயிறு சில்லிட்டது. எதுவானாலும் ஹெட்செட்டில் சத்தமாகச் சொல்லுங்கள்.

9. தரையில் ஊர்வது: கையை மறந்துவிடுங்கள்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள். கையில் இருக்கும் யோக் பார்ப்பதற்கு ஸ்டியரிங் போல இருக்கும். விமானம் இடது பக்கம் விலகினால் கை தானாக அதை வலது பக்கம் திருப்பும். ஒன்றும் நடக்காது. மூக்குச் சக்கரம் காலில் இருக்கும் பெடல்களோடு இணைந்தது. திருப்புவது காலால்தான்.

எனக்குச் சொல்லித்தந்தவர் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் கால் பழகிவிட்டது. நான் அழைத்துப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

குதிகாலைத் தரையில் ஊன்றி வையுங்கள். பெடலின் மேல் பகுதி பிரேக். பாதம் முழுவதையும் பெடலில் ஏற்றி வைத்தால் தெரியாமலே பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

10. புறப்படுதல்

இதைப் பெரும்பாலும் பயிற்சியாளர் செய்வார், அல்லது உங்கள் கையையும் யோக்கில் வைக்கச் சொல்வார். சுமார் 55 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டரில், மூக்கு எழும். இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் விமானம் இடது பக்கம் இழுக்கும். சுழலும் புரொப்பெல்லரின் விளைவு அது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், வலது பெடலை மெல்ல அழுத்துங்கள்.

ரேடியோவில் கேட்பது புரியவில்லையே என்று கலங்க வேண்டாம். முதல் நாள் யாருக்கும் புரியாது. அது பயிற்சியாளரின் வேலை.

11. வானத்தில்: இந்த அரை மணிக்குத்தான் இத்தனையும்

எங்கள் பகுதியில் உள்ள பாலோ ஆல்ட்டோவில் கிளம்பினால் கீழே வளைகுடாவின் உப்பளங்கள் சிவப்பும் பழுப்புமாகப் பாத்தி பாத்தியாகத் தெரியும். இரண்டு நிமிடம் ஆசை தீரப் பாருங்கள். அப்புறம் வேலை.

*பிடி.* எல்லோரும் யோக்கைப் பஸ் கம்பி போல இறுக்கிப் பிடிப்பார்கள். கட்டை விரலும் இரண்டு விரலும் போதும். இறுக்கினால் விமானம் சொல்வது கைக்கு எட்டாது. உள்ளங்கை வியர்ப்பது தெரிந்தால், ஒரு விநாடி விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். நீங்கள் விட்டாலும் விமானம் கவிழாது. சரியாக ட்ரிம் செய்த, அதாவது கையால் பிடிக்காமலே நிலை மாறாதபடி சரிசெய்து வைத்த, செஸ்னா தானாகவே நேராகப் போகும். அதைப் பயிற்சியாளரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பயத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

*பார்வை.* புது விமானங்களில் முன்னால் பெரிய திரைகள் இருக்கும். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களின் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். உயர எண் 20 அடி குறைந்ததும் இழுப்பார்கள், கூடியதும் தள்ளுவார்கள், விமானம் அலைபோல ஏறி இறங்கும். எண் காட்டுவது நடந்து முடிந்ததை. அதைத் துரத்தினால் எப்போதும் ஒரு படி பின்னால்தான் இருப்பீர்கள். வெளியே பாருங்கள். மூக்கின் மேல் விளிம்புக்கும் அடிவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று கையை நீட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நாலு விரல் வரும். அந்த இடைவெளி மாறாமல் இருந்தால் உயரமும் மாறாது. என் நண்பரின் பயிற்சியாளர் திரை மீது ஒரு காகிதத்தையே ஒட்டி மறைத்தார். அடுத்த நிமிடமே விமானம் நூல் பிடித்தது போலப் போனது.

*திருப்பம்.* மெல்லச் சாயுங்கள், சாய்ந்ததும் யோக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். திருப்பியே பிடித்தால் மேலும் மேலும் சாயும். கார் ஸ்டியரிங்கிலிருந்து இது முற்றிலும் வேறு. போக வேண்டிய திசை வருவதற்குக் கொஞ்சம் முன்பே நிமிர்த்தத் தொடங்குங்கள்.

*என்ன கேட்க வேண்டும்.* நேராகப் போவது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது. இந்த நான்கு போதும். சில பயிற்சியாளர்கள் உற்சாகத்தில் விமானத்தை மிகவும் சாய்த்துத் திருப்பிக் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சொன்ன பிறகும் தொடர்கிறவரோடு இன்னொரு முறை பறக்க வேண்டாம்.

போனைப் பையில் வையுங்கள். படம் பின் சீட்டுக்காரர் எடுக்கட்டும்.

12. குமட்டினால்

முதல் அறிகுறியிலேயே சொல்லிவிடுங்கள்: வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. பலர் வாந்தி வரும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். காற்றுத் துவாரத்தை முகத்துக்குத் திருப்பி, அடிவானத்தைப் பார்த்து, யோக்கை நீங்களே வாங்கி ஓட்டுங்கள். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. அடுத்து எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிகிறது.

முதல் நாள் குமட்டியது என்பதற்காக இந்தத் துறையே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். பலருக்குச் சில பறப்புகளில் பழகிவிடுகிறது.

13. இறங்கிய அன்று மாலை

தரையிறக்கத்தைப் பயிற்சியாளர் செய்வார். அந்த நேரத்தில் பேசாமல், அவர் கண் ஓடுபாதையில் எங்கே பதிகிறது என்று மட்டும் பாருங்கள். வழியில் காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள்.

இறங்கியதும் பள்ளி அலுவலகத்தில் பேப்பர் நீட்டுவார்கள்: "இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி". கையெழுத்துப் போடாதீர்கள். ரத்தத்தில் உற்சாகம் ஓடும் அந்த அரை மணி நேரத்தில் எல்லாமே சரி என்றுதான் தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மொத்தமாக முன்பணம் கட்டினார். மூன்று மாதத்தில் பள்ளியில் விமானமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பணத்தில் பாதிதான் திரும்பியது. பறக்கப் பறக்கக் கட்டுகிற முறை உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் இந்தக் கேள்விகள்: உங்களிடம் எத்தனை விமானம், எத்தனை மாணவர்? வாரத்தில் மூன்று நாள் எனக்கு விமானம் கிடைக்குமா? என் பயிற்சியாளர் வேலை மாறிப் போனால் யார் தொடர்வார்? உங்கள் மாணவர்கள் தனியார் லைசென்ஸை உண்மையில் எத்தனை மணி நேரத்தில் முடிக்கிறார்கள்? அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சம் பொதுவாக 40 மணி நேரம்தான். ஆனால் பெரும்பாலோருக்கு 60, 70 ஆகிறது. 40 மணி நேரத்துக்கு மட்டும் விலை சொல்கிற பள்ளியிடம் 70 மணிக்கான கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

முடிந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவரோடு தனியே பேசுங்கள். ஓடாமல் நிற்கும் விமானங்கள் எத்தனை என்று அவர் சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்து, அன்று இரவே எழுதி வையுங்கள்: எந்த நிமிடம் பயமாக இருந்தது, எந்த நிமிடம் நேரம் போனதே தெரியவில்லை, பயிற்சியாளர் சொன்னதில் எது புரிந்தது, திட்டினாரா, சொல்லித்தந்தாரா. இரண்டு நாளில் எல்லாம் கலந்துபோய் "சூப்பராக இருந்தது" என்பது மட்டும் மிஞ்சும்.

14. இன்னொரு முறை, இன்னொரு இடத்தில்

ஒரு வாரம் கழித்து வேறு பள்ளியில் ஒரு பறப்பு எடுங்கள். முதல் முறை புதுமையின் மயக்கம் இருக்கும், பள்ளியை எடைபோட முடியாது. இரண்டாம் முறைதான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்: இந்த விமானத்தின் சீட் பெல்ட் ஏன் பிய்ந்திருக்கிறது, இவர் ஏன் செக்லிஸ்ட்டை எடுக்கவில்லை, அல்லது முதலாமவர் எவ்வளவு பொறுமையாக இருந்தார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அக்கா மகன் இரண்டாம் முறை போனபோது தலையாட்டவில்லை, வாயால் சொன்னான். மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பே கடற்கரை வரை அவனே ஓட்டினான், உயரம் பெரிதாக மாறவில்லை. இறங்கிய பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. அந்த விமானத்தைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேட்டான். பயிற்சியாளர் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்து, தேதியைக் காட்டினார். அதன் பிறகுதான் நாங்கள் பணத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம்.